மச்சான் றஸாக்குக்கு, வரம்பு வளைந்த விஷயமாக

கல்முனைக்குடி,
24.03.1955, வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் றஸாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே நானும் உம்முடன் பிறந்த ராத்தா ஹாஜறாவும் மகள் றம்ஸியாவும் தேக சுகத்தோடு இருக்கிறோம். மருதானையில் நீரும், உம்முடைய கடையும், கடைக்கு மேலே உள்ள அறையும், போன மாதம் உமக்குத் தொந்தரவு தந்த வலது முழங்காலும் நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம். முழங்காலைப் பற்றித் தனியாக எழுதவும்.

நிற்க. உம்முடைய ராத்தா போன கிழமை உமக்கு ஒரு கடிதம் போட்டாள். தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய் அதைப் பெட்டிக்குள் போட்டவன் நான்தான். உள்ளே என்ன இருந்தது என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, முகமெல்லாம் கரி, மகளின் கலியாணம் முறிந்துவிட்டது, உடனே புறப்பட்டு வரவும் என்று எழுதினாளாம். மச்சான், இதில் கரி என்பது முழு உண்மை. கலியாணம் முறிந்தது ஆறு நாள் வரைக்கும் உண்மையாயிருந்தது. புத்தி பேதலித்தது என்பது ஒரு நாளும் உண்மையாயிருக்கவில்லை. நீர் புறப்பட்டு வரத்தான் வேண்டும், ஆனால் அது முற்றிலும் வேறு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை எழுதத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முப்பத்தொரு வருஷம் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து, வாய்க்காலுக்கும் மதகுக்கும் அணைக்கட்டுக்கும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, போன ஆகஸ்டில் நான் இளைப்பாறினேன். அதற்குப் பிறகு விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுச் சைக்கிளில் கடற்கரைக்குப் போய்வருவது ஒன்றுதான் எனக்கு உத்தியோகம். ஜனவரியில் ஒரு காலை, தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில், ஒரு மனிதர் தென்னங்குற்றியில் குந்தியிருந்து, மடியில் பலகையும் பலகையில் தாளுமாக, கறுப்பாக எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். யாரென்று பார்த்தால் மிஷன் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் வில்பிரட். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், ஆனால் தலையில் எழுபது வயதுக்காரரின் தொப்பி. பின்னால் போய் நின்று பார்த்தேன். பார்த்தால் மச்சான், அவருடைய தாளில் கடல் சரிந்து கிடக்கிறது! தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவன் நான், என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

“மாஸ்டர், கடல் வடக்கால சரிஞ்சிரிக்கி,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. “அப்பிடியா ஓவசியர்? அப்ப நீங்களே நேராக் கீறிக் காட்டுங்களன்,” என்று கரிக்குச்சியை நீட்டினார்.

நானும் வாங்கிக் கீறினேன். அடிமட்டம் இல்லாமல் நான் கீறிய முதல் கோடு அது. கடல் முழுவதும் தெற்கே ஊற்றிக்கொண்டு திருக்கோவில் பக்கம் போய்விட்டது. நான் வெட்கத்தில் நிற்க, அந்த மனிதர் அந்தக் கோணல் கோட்டைப் பெருவிரலால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மச்சான், அது மணல்திட்டாக மாறிவிட்டது! அதன் மேல் குச்சியால் இரண்டு வெட்டு வெட்டினார், அங்கே ஒரு தோணி நின்றது! ஐம்பத்தைந்து வருஷமாக அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இத்தனை விதமான கறுப்பு உண்டென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! அன்றைக்கே அவரிடம் கேட்டேன், “மாஸ்டர், எனக்கும் இதைப் பழக்கித் தருவீங்களா?” என்று. “அடிமட்டத்த ஊட்டில வெச்சிப்போட்டு வாங்க, பழக்கிறன்,” என்றார்.

இதுதான் தொடக்கம். இனி உம்முடைய ராத்தா எழுதியவற்றுக்கு வருகிறேன். கரிக்குச்சியைக் கடையில் வாங்க முடியாது. மெல்லிய புளியங்குச்சிகளை ஒரு டின்னுக்குள் நெருக்கி அடுக்கி, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, நெருப்பில் வைத்து எடுக்க வேண்டும். மூடியில் சின்னத் துளை ஒன்று விடச் சொன்னார் மாஸ்டர். விட மறந்தது என் பிழை. ஹாஜறாவின் பிஸ்கட் டின்னை அவளுடைய அடுப்பில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் மூடி பறந்து கூரையில் அடித்து, நேரே மீன் ஆணச் சட்டிக்குள் விழுந்தது. அன்றைக்கு ஆணம் கறுப்பு. சோறும் சாம்பல். ஆனால் மச்சான், குச்சிகள்! பன்னிரண்டு குச்சி, நெளிவில்லாமல், தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் போடும் பன்னிரண்டு குச்சி! அதை நான் சந்தோஷத்தோடு தூக்கிக் காட்டியபோதுதான் உம்முடைய ராத்தா முதன்முறையாக, “இவருக்கு என்னமோ நடந்திட்டு,” என்று சொன்னாள்.

அடுத்தது, றஹீமா விஷயம். தூரத்தில் உள்ள ஒரு மரத்தைக் கீறுவதென்றால், குச்சியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் குச்சியின் நுனியையும் மரத்தின் தலையையும் ஒன்றாக்கி, பெருவிரலால் அளவு பிடிக்க வேண்டும். சித்திரக்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். நான் எங்கள் ஒழுங்கையின் முனையில் நின்று ஒரு தென்னைக்கு அப்படி அளவு பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தென்னைக்குப் பின்னாலிருந்து றஹீமா வெளிப்பட்டாள். ஊரில் கலியாணம் பேசித் திரியும் றஹீமாவை உமக்குத் தெரியும். உமக்கும் அவள்தான் பேசினாள். நான் கண்ணைத் திறக்கவில்லை, ஏனென்றால் திறந்தால் அளவு போய்விடும். அவள் நின்றாள். நான் இன்னும் கண்ணை மூடியபடியே பெருவிரலை மெல்ல மேலே ஏற்றினேன். அவள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடியது நேரே ஹாஜறாவிடம். “உங்கட மனுசன் எனக்குக் கண்ணடிக்கிறாரு, ராத்தா! வெரலும் காட்டுறாரு!” இதற்கு நான் என்ன விளக்கம் சொல்லியும், தென்னையை நேரே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியும், பலன் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கிட்டங்கித் துறைப் பக்கம் கீறிவிட்டு நேரம் போனது தெரியாமல் அவசரமாக ஜும்ஆவுக்கு ஓடினேன். பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில், ஹவுழில், உளூச் செய்து கழுவக் கையை வைத்ததுதான் தாமதம், என் கையிலிருந்து கறுப்பு ஒரு மேகம் போலப் புறப்பட்டு, சுற்றி இருந்த பதினைந்து பேரின் கைகளுக்கும் கீழே போய் விரிந்தது. அது எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அழகாக, ஓரம் மங்கி மங்கிப் போனதென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. மோதினார் வாளியோடு வந்தார். அன்றிலிருந்து நான் வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன்.

இன்னும் ஒன்று. கரிப்படம் தொட்டால் அழியும். அழியாமலிருக்கக் கஞ்சித் தண்ணீரை வாயில் எடுத்து மெல்லிய தூறலாக ஊதிக் காயவிட வேண்டும். கடற்கரைப் படம் ஒன்று, என் கையால் முழுமையாக வந்த முதல் படம், அதற்கு ஊதி, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் வந்தேன். ஆடு தின்றுகொண்டிருந்தது. தோணி போய்விட்டது, மணல் போய்விட்டது, வானத்தில் ஒரு மூலை மட்டும் அதன் வாயின் ஓரத்தில் தெரிந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆட்டுக்கும் பசிக்கவில்லை. அதற்குப் பிறகு கஞ்சி ஊதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். இனித்தான் பெரிய விஷயம். நிந்தவூரில் பெரிய வயல்காரரான ஜவுபர் போடியாரின் மகன் இஸ்ஸதீன் ஆசிரியராயிருக்கிறார். நல்ல பிள்ளை. அவருக்கும் நம் றம்ஸியாவுக்கும் றஹீமா பேசிக்கொண்டிருந்தது உமக்குத் தெரியும். றம்ஸியா அவரை யன்னலால் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். அதன் பிறகு அந்த யன்னலை அடிக்கடி துடைக்கிறாள். நான் கவனிக்காதது போல இருந்தேன். நோன்புக்கு முன் கலியாணத்தை முடிப்பதென்று பேச்சு நல்லபடி போய்க்கொண்டிருந்தது. போடியாரை நான் ஒரு ஜனாஸா அடக்கத்தில் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவருடைய வயல்கள் எந்தெந்த வெளியில், எந்தெந்த வட்டையில் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்பது மரியாதையும் இல்லை. நம் ஊரில் பெண் வீட்டார்தானே வீடும் வளவும் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறோம், அவர்களுடைய வயல் நமக்கெதற்கு?

இந்த மாதம் எட்டாந் திகதி வில்பிரட் மாஸ்டர், “ஓவசியர், நீங்க கடலக் கீறினது போதும். நாளைக்கி வயலக் கீறுங்க. சூடு மிதிச்சி முடிஞ்ச வயலில வெளிச்சம் நல்லாயிருக்கும்,” என்றார். நிந்தவூருக்கு மேற்கே, றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு இடத்தைத் தாமே குறித்துக் கொடுத்தார். பெரிய மருதமரம், குவித்த வைக்கோல் கந்து, நெல் மிதிக்கும் களவெட்டி, காவல்காரர் தங்கும் ஒரு வாடி, இரண்டு வயலுக்கு நடுவே நீண்டு போகும் வரம்பு. “ஒரு ஆள நிப்பாட்டிக் கீறினா வயலுட நீளம் விளங்கும்,” என்றும் சொன்னார். மனிதரையும் மிருகங்களையும் கீறுவது மார்க்கத்தில் கூடாது, கீறமாட்டேன் என்றேன். “சரி, வாடிட காலுகளக் கீறுங்க, அது போதும்,” என்று விட்டுவிட்டார். அவருடைய பாடம் எப்போதும் ஒன்றுதான். உள்ளதை உள்ளபடி பாருங்க. தெரிஞ்சதக் கீற வேணாம், தெரியிறதக் கீறுங்க.

மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம். நான் தனியே. மச்சான், அந்த நாளை எப்படி எழுதுவேன்! வைக்கோல் கந்தின் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமாக எழும்பி வந்து தாளில் நின்றபோது, நான் அதைக் கையால் தட்டிப் பார்த்தேன், உருண்டையாயிருக்கிறதா என்று. வாடியின் நடுக்கால் கொஞ்சம் சரிந்திருந்தது. உள்ளதை உள்ளபடி என்று அதையும் சரித்தே போட்டேன். பிழையை அழிக்கப் பாண் துண்டு வைத்திருந்தேன். அழித்து அழித்து மிஞ்சியதைப் பகல் சாப்பாடாக விழுங்கினேன். பல் கறுத்ததும் தெரியாது. அஸர் நேரமும் வந்தது, வெளிச்சம் சாய்ந்து வந்தது. நான் கை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வரம்புக்கு அளவு பிடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது.

“என்ன ஓவசியர், கண்ணாலயா அளவுச் சங்கிலி புடிக்கிறீங்க?”

ஜவுபர் போடியார்! என் சம்பந்தி ஆக இருப்பவர்! நான் எழும்பி ஸலாம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் நின்ற இடம் சரியாக மருதமரத்து நிழலின் மேல். அவருடைய குடை என்னுடைய நிழலுக்கு மேல் இன்னொரு நிழலைப் போட்டுவிட்டது. என் வாயால் வந்தது என்ன தெரியுமா? “கொஞ்சம் அங்கால நில்லுங்க போடியார், வெளிச்சம் போகப் போகுது!”

“என்ட வயலுக்குள்ள என்னயே அங்கால நிக்கச் சொல்றீங்களோ?”

“உங்கட வயலா இது?” என்றேன், உண்மையான ஆச்சரியத்தோடு.

“ஓம், தெரியாமத்தான் வந்து குந்தியிரிக்கிறீங்க!” என்றார். “என்ன பார்க்கிறீங்க இதுல?”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம், மச்சான்! படம் கீறுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “உள்ளத உள்ளபடி பார்க்கிறன் போடியார்,” என்பது. கல்லோயாத் திட்டத்துக்குக் கவுண்மேந்து நிலம் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தாளும் கையுமாக வயலில் இருப்பவனைக் கண்டால் காணி அளக்க வந்தவன் என்றே போடிமார் நினைப்பார்கள். அதுவும் நீர்ப்பாசன ஓவசியர். அதற்கும் மேலே, மகனுக்குப் பெண் தர இருக்கிற ஓவசியர். அவர் என் முகத்தைப் பார்த்தார். கரிப்பல்லைக் காட்டி நான் சிரித்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் றஹீமா வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக் கதைத்தாள். “போடியார் சொல்லச் சொன்னாரு. சம்பந்தம் பேசிற ஊட்டுக்காரர் மாப்புளயப் பார்க்கிறது முறை. மாப்புளட வாப்பாட வட்டைய அளந்து பார்க்கிறது முறையில்லயாம். அவர்ட மகனுக்கு வேற இடம் பார்க்கிறாராம்.” சொல்லிவிட்டு, “எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனாள்.

உம்முடைய ராத்தா சத்தம் போடவில்லை. அதுதான் பயம். அடுப்படியில் நின்றபடி, சட்டியைப் பார்த்துச் சொன்னாள். “முப்பத்தொரு வருசம் கவுண்மேந்துக்குக் கோடு கீறினீங்க. அந்தக் கோட்டால தண்ணி வந்து ஊருக்கு வெள்ளாமை வெளஞ்சிது. இப்ப உங்களுக்கெண்டு ஒரு கோடு கீறினீங்க, புள்ளட வாழ்க்க போயிட்டு.” மச்சான், இந்தக் கடிதத்தில் வேறு எதை நீர் சிரித்துப் படித்தாலும் இதைச் சிரிக்காமல் படியும். நான் போய்க் குச்சிகள் எல்லாவற்றையும் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். எரித்துவிடு என்றேன். அவள் எரிக்கவில்லை, எடுத்து வைக்கவும் இல்லை. மூன்று நாள் அவை அங்கேயே கிடந்தன. மூன்று நாள் வீட்டில் யாரும் கதைக்கவில்லை. யன்னல் தூசியாய்க் கிடந்தது.

நாலாம் நாள் காலை றம்ஸியா என்னிடம் வந்து, “வாப்பா, அந்தப் படத்த நான் பார்க்கலாமா?” என்றாள். இவ்வளவுக்கும் காரணமான படத்தை அவள் ஒரு முறையும் பார்த்திருக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். கையால் தொடாமல் நிலத்தில் வைத்துவிட்டு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் பரீட்சை எழுதியவனைப் போலப் பக்கத்தில் நின்றேன். பிறகு மருதமரத்துக்குக் கீழே விரலை வைத்தாள், படத்தில் முட்டாமல்.

“வாப்பா, நெலம் அளக்கிற ஆள் எங்கயாவது மரத்துட நெழலக் கீறுவானா?”

நான் குனிந்து அந்த நிழலைப் பார்த்தேன்.

“அவங்க இதப் பார்க்கயில்லதானே? கொண்டு போய்க் காட்டுங்க வாப்பா. பார்த்துப்போட்டும் வேணாம் எண்டா, வேணாம். பார்க்காம வேணாம் எண்டு சொல்லப்படாது.”

என் மகள்! அடுப்படியிலிருந்து உம்முடைய ராத்தா, “அவள் சொல்றதும் சரிதான்,” என்றாள். மூன்று நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். உமக்கு எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்ததும் அதே காலையில்தான், மாஸ்டரிடம் போகிற வழியில் பெட்டிக்குள் போடும்படி. நானும் நல்ல மனதோடு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து வில்பிரட் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். படத்தை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். கஞ்சி ஊதாத படம். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் பலகையிடுக்கால் கரித்தூள் சொரிந்தது. சாய்ந்தமருதில் நான் உடுத்திருந்த வெள்ளைச் சாரம் கறுத்தது, காரைதீவில் மாஸ்டர் போட்டிருந்த களிசானும் கறுத்தது. “மாஸ்டர், நிந்தவூருக்குப் போய்ச் சேரக்குள்ள வெறுந்தாள்தான் மிஞ்சும்,” என்றேன். “பயப்பிடாதங்க, கருமையானதெல்லாம் நிண்டிரும்,” என்றார்.

போடியாருடைய வீட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவருடைய மனைவியின் தம்பி அலியார் என்பவரும் இருந்தார். அலியாருடைய வயலும் போடியாருடைய வயலும் பக்கம் பக்கம், நடுவே ஒரே வரம்பு. எங்களை இருக்கச் சொன்னார்கள், ஆனால் வெற்றிலைத் தட்டம் வரவில்லை. நான் ஒன்றும் விளக்கவில்லை. கட்டை அவிழ்த்துப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

போடியார் முதலில் தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தார். கடைசியில், “இது என்ட வாடி,” என்றார். குரல் மாறிவிட்டது. “பாருங்கவன், நடுக்கால் சரிஞ்சிரிக்கி. ரெண்டு மாரியா நான் சொல்றன், ஒருத்தனும் நம்பல்ல. இந்தா, படத்திலயே சரிஞ்சிரிக்கி!” மருதமரத்தைப் பார்த்தார். “இதுக்குக் கீழதான் எங்கட வாப்பா பகல்ல படுக்கிறவரு. நெழல் இப்பிடித்தான் இரிக்கும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். வில்பிரட் மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்து அமத்தினார்.

அப்போதுதான் போடியாரின் விரல் வரம்பில் போய் நின்றது.

“இது என்ன, என்ட வரம்பு நடுவில வளையிது?”

“நான் கண்டதத்தான் கீறினன் போடியார்.”

“எங்கட வாப்பா கயிறு புடிச்சிக் கட்டின வரம்பு. அது நேர்.”

நான் நிமிர்ந்து நின்றேன். முப்பத்தொரு வருஷம் மட்டம் பார்த்த கண்ணைப் பற்றியல்லவா கேள்வி! “போடியார், எனக்கு மனிசர்ட முகம் கீறத் தெரியா, கீறவும் மாட்டன். ஆனா ஒரு கோடு நேரா, வளைவா எண்டு தெரியாட்டி நான் இவ்வளவு காலமும் தின்ன சோறு ஹறாம். அந்த வரம்பு வளைஞ்சிதான் கிடக்கு. உங்கட பக்கமா வளைஞ்சி கிடக்கு.”

போடியார் மெல்லத் திரும்பி மச்சினனைப் பார்த்தார். அலியாருடைய நெற்றியில் வேர்வை. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு படக்கென்று எழும்பி, “மச்சான், நான் சொல்லிப்போடுறன்,” என்றார். “ஒவ்வொரு மாரியும் வரம்பு கட்டக்குள்ள ஒரு மண்வெட்டி அளவு உங்கட பக்கம் தள்ளிப்போட்டன். ஏழு மாரி. ஒருத்தருக்கும் தெரியா எண்டுதான் நினைச்சன். இப்ப கரித்துண்டுக்கும் தெரிஞ்சிட்டு.”

அதன் பிறகு வந்த சத்தத்தை எழுதத் தாள் போதாது. போடியார் கையை ஓங்கிக்கொண்டு போக, மாஸ்டர் இடையில் பாய, நான் படத்தைக் கட்டிப்பிடித்துக் காக்க, கதவுக்குப் பின்னாலிருந்து போடியாரின் மனைவி சத்தம் போட்டார். “இஞ்ச பாருங்க! எடுத்த மண்ண அவன் நாளைக்கே திருப்பிப் போடட்டும். மண்ணுக்காக என்ட தம்பிய நீங்க அடிச்சா நான் இந்த ஊட்டில இரிக்க மாட்டன். அவன் எடுத்தது களவு, நீங்க ஏழு வருசம் வரம்பால நடந்தும் காணாதது குருடு. ரெண்டு பேரும் இரிங்க!” ரெண்டு பேரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு, மச்சான், வெற்றிலைத் தட்டம் வந்தது. தொதல் பலகாரமும் வந்தது. போடியார் எனக்குத் தம் கையாலேயே வெற்றிலை மடித்துத் தந்து சொன்னார். “ஓவசியர், நான் உங்களப் பிழையா நினைச்சிட்டன். இந்த மாதிரிக் கண்ணுள்ள மனிசன் என்ட மகனுக்கு மாமாவா வாறது எங்களுக்குப் பெரும. நோன்புக்கு முன்னுக்கே வெச்சிப்போடுவம். ஒண்டு மட்டும், இந்தப் படம் இந்தச் சுவரிலதான் இரிக்கணும்.”

கரித்தூள் பூசிய சாரத்தோடு வீட்டுக்குள் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னேன். ஹாஜறா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று பின்னேரம் றம்ஸியாவின் யன்னல் பளபளவென்றிருந்தது. மறுநாள் நான் வட்டைக்குப் போய்ப் பார்த்தேன். அலியார் மடித்துக் கட்டிய சாரத்தோடு தனியே நின்று வரம்பை வெட்டிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது நிந்தவூரிலிருந்து இரண்டு போடிமார், இறக்காமத்திலிருந்து ஒருவர், “எங்கட வட்டையையும் ஒருக்காக் கீறிப் பாருங்க ஓவசியர்,” என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள்! இறக்காமத்தில் யானை நிற்கிறதாம், பகலில் மட்டும் வரச் சொல்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த குச்சிகளை நேற்று உம்முடைய ராத்தா தானே ஒரு துணியில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டு, தான் உமக்கு எழுதிய கடிதத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள்.

ஆகவே மச்சான், நீர் என் புத்தியைப் பார்க்க வரத் தேவையில்லை. கலியாணம் பார்க்க வாரும். வருகிற மாதம் பத்தாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் முந்தி வாரும். வந்தால் நான் உமக்குக் காட்டுகிறேன், ஒரு மனிதனுடைய கண் எவ்வளவு நுட்பமாயிருக்கலாம் என்பதை. உம்முடைய வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாமும் துஆவும். உம் முழங்காலுக்கு நல்லெண்ணெயில் வெள்ளுள்ளியைப் போட்டுக் காய்ச்சிப் பூசும்படி ராத்தா சொல்கிறாள். றப்புல் ஆலமீன் உம்முடைய வீட்டில் பறக்கத்தைப் பெருக்கி, உம்மை நல்ல காலோடு எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

இப்படிக்கு,
உம்முடைய அன்பு மச்சான்,
மு. கலந்தர்
(இளைப்பாறிய ஓவசியர்)

பின்குறிப்பு: 25.03.1955, வெள்ளி காலை. கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அலியார் வந்தார். வரம்பைக் கட்டி முடித்துவிட்டாராம். என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், இரகசியமாக ஒன்று கேட்டார். “ஓவசியர், கோவிக்காதங்க. நான் ஒவ்வொரு மாரியும் வரம்புட ரெண்டு முனைக்கும் கயிறு கட்டி, முழு வரம்பயும் ஒண்டாத்தான் தள்ளினன், ஒருத்தரும் கண்டுபிடிக்கப்படாதெண்டு. இப்ப வெட்டக்குள்ளயும் நல்லாப் பார்த்தன். அது ஊசி மாதிரி நேர். நீங்க எந்த இடத்தில வளைவக் கண்டீங்க?”

மச்சான், அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். படம் கீறிய அன்றைக்கு நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டு நான் திரும்பி வந்தபோது, காலையில் இருந்த இடத்தில் வெயில் ஏறியிருந்தது. அதனால் பத்துப் பாகம், அறுபது அடி, தள்ளி வேறு மரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துதான் மீதிப் பாதியைக் கீறினேன். வரம்பின் காலைப் பாதி ஒரு இடத்திலிருந்து, பின்னேரப் பாதி இன்னொரு இடத்திலிருந்து. வரம்பு வளையவில்லை, மச்சான். வளைந்தது நான்.

இதை ஜவுபர் போடியாருக்குச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கலியாணம் முடியட்டும். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து எரித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். வில்பிரட் மாஸ்டரிடம் மட்டும் உடனே சைக்கிளில் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, “நாளைக்கி ஒரு மரம் மட்டும் கீறுவம், ஓவசியர்,” என்றார். “ஒரே இடத்தில இருந்து.”

க.